நெல்லை வெயிலுக்கு வீட்டிலேயே கட்டும் வாட்டர் கூலிங்

கம்ப்யூட்டர் வாட்டர் கூலிங்கில் தண்ணீரின் வேலை சுமை தூக்குவது மட்டும்தான். ப்ராசஸரில் இருக்கும் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். அதை அறைக் காற்றில் இறக்கிவைப்பது ரேடியேட்டர். காசை எதில் போடுவது என்ற கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது: பெரிய ரேடியேட்டர், சாதாரண பம்ப்.

மே மாத மதியம் பாளையங்கோட்டையில் காங்கிரீட் மாடி அறை 37 டிகிரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த ரேடியேட்டரும் தண்ணீரை அறைச் சூட்டுக்குக் கீழே இறக்காது. நல்ல அமைப்பில் தண்ணீர் அறையைவிட 8 முதல் 10 டிகிரி கூட, அதாவது 46 டிகிரி வாக்கில் நிற்கும். ப்ராசஸர் அதற்கு மேல் 25, 30 டிகிரி ஏறி 75ஐ ஒட்டி ஓடும். அது பயப்பட வேண்டிய அளவில்லை. ஆனால் குளிர் ஊரில் இருப்பவர் 240 மி.மீ. ரேடியேட்டர் போதும் என்று சொல்வதை நம்பி இங்கே கட்டினால் சூட்டைச் சமாளிக்க மிச்சத் திறன் இருக்காது. 100 வாட்டுக்கு ஒரு 120 மி.மீ. பகுதி, அதாவது ஒரு விசிறி மாட்டும் நீளம் என்பது பொதுக் கணக்கு. நம் பக்கத்துக்கு அதற்கு மேல் ஒரு பகுதி சேர்த்துக்கொள்ளுங்கள். 150 முதல் 200 வாட் இழுக்கும் ப்ராசஸருக்கு 360 மி.மீ. சரியாக இருக்கும். 65 வாட் ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இது எதுவும் தேவையில்லை. விசிறியோடு வரும் நல்ல டவர் கூலர் ஒன்று போதும்.

பம்ப் ஏன் பெரிதாக வேண்டாம்? 150 வாட் சூடு, நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட்டம் என்றால் பிளாக்கை (ப்ராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் உலோகத் துண்டு) கடக்கும்போது தண்ணீர் ஏறுவது ஏறக்குறைய 1 டிகிரிதான். ஓட்டத்தை இரட்டிப்பாக்கினாலும் மிஞ்சுவது அரை டிகிரி. பிளாக், ரேடியேட்டர் எது முன்னே எது பின்னே என்பதும் இதனால்தான் முக்கியமில்லை. ஒரே ஒரு விதி: தொட்டி பம்புக்கு மேலே, அதை ஒட்டியே இருக்க வேண்டும்.

ரேடியேட்டர் செலவை மிச்சம் பிடிக்கச் சிலர் 20 லிட்டர் பெயின்ட் வாளியில் மீன்தொட்டி மோட்டாரைப் போட்டு ஓட்டுகிறார்கள். 150 வாட் சூடு 20 லிட்டரை மணிக்கு 6 டிகிரிக்கு மேல் ஏற்றும். வாளிச் சுவர் கொஞ்சம் சூட்டை வெளியே விடும் என்றாலும் இரண்டு மூன்று மணி நேர கேமுக்குள் வாளி வெந்நீராகிவிடும். காருகுறிச்சி மண்பானையைத் தொட்டியாக வைக்கலாமே என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. 150 வாட்டை ஆவியாக்கியே வெளியேற்ற வேண்டுமென்றால் மணிக்கு 220 மி.லி. தண்ணீர் பானையின் தோல் வழியே கசிந்து காய வேண்டும். பானை அவ்வளவு கசியாது. மண்ணிலிருந்து உப்பும் தூளும் கரைந்து பிளாக்கை அடைப்பது தனித் தொல்லை. ஐஸ் போடுவது இன்னும் மோசம். தண்ணீர் அறைச் சூட்டுக்கு வெகுவாகக் கீழே போனால் டியூபிலும் பிளாக்கிலும் காற்றின் ஈரம் வியர்த்து மதர்போர்டில் சொட்டும். சாரல் காலத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

வாங்க வேண்டியவை

செம்பு அடிப்பாகம் கொண்ட பிளாக், உங்கள் ப்ராசஸர் சாக்கெட்டுக்குரிய பிராக்கெட்டோடு. செம்பு அல்லது பித்தளையில் செய்த 360 மி.மீ. ரேடியேட்டர். அதற்கு மூன்று 120 மி.மீ. விசிறிகள், ரேடியேட்டருக்கென்று விற்கும் அழுத்தம் கூடிய வகையாக. 12 வோல்ட் டி5 வகை பம்ப், 250 மி.லி. தொட்டி சேர்ந்தது. 10/16 மி.மீ. (உள் விட்டம் 10, வெளி விட்டம் 16) டியூப் 2 மீட்டர். அதே அளவில், ஜி 1/4 மரையுள்ள ஃபிட்டிங் எட்டு. வடிகாலுக்கு ஒரு டி-துண்டு, ஒரு பால் வால்வு, இரண்டையும் இணைக்க இருபுறமும் மரையுள்ள ஒரு ஜாயின்ட், வால்வு வாயை மூட ஒரு பிளக். ஆறு ஃபிட்டிங் போதுமே என்று டி-துண்டை விட்டுவிட்டால், ஒரு வருடம் கழித்துத் தண்ணீரை மாற்றும் நாளில் மதர்போர்டு மேலேயே டியூபைக் கழற்ற வேண்டிவரும்.

அலுமினியத்தை மட்டும் உள்ளே விடாதீர்கள். செம்பு பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே தண்ணீரில் இருந்தால் அது பேட்டரி செல் போல வேலை செய்து அலுமினியம் அரிக்கத் தொடங்கும். முதலில் தண்ணீர் கலங்கும், பிறகு பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் வெள்ளைக் களி அடைக்கும், கடைசியில் ரேடியேட்டர் ஓட்டையாகும். பழைய காரின் ஹீட்டர் கோரை (காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) எடுத்து ரேடியேட்டராக்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இப்போது வரும் கோர்கள் பெரும்பாலும் அலுமினியம். பெயின்டைக் கண்ணில் படாத ஓரத்தில் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் எடுக்கலாம், வெள்ளையாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஆன்லைனில் மிக மலிவாக வரும் 40 மி.மீ. சதுர பிளாக்குகளும் பெரும்பாலும் அலுமினியமே.

டியூபுக்குக் கொத்தனார் மட்டம் பார்க்கும், கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஹார்டுவேர் கடையில் மலிவாகக் கிடைக்கும். சோதனை ஓட்டத்துக்கு அது போதும், நிரந்தரமாக வேண்டாம். சூட்டில் அதன் மென்மையாக்கி கரைந்து வெளியேறும். டியூப் விறைக்கும், பிளாக்கில் பசை படியும். கருப்பு இபிடிஎம் ரப்பர் டியூப் பார்க்க அழகில்லை, ஆனால் வருடக்கணக்கில் கிடக்கும்.

எந்தத் தண்ணீர்

தாமிரபரணித் தண்ணீர் குடிக்க எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் அதில் தாது உப்பு உண்டு. போர் தண்ணீர் பற்றிச் சொல்லவே வேண்டாம்; வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் படிவு பிளாக்கிலும் படியும். ஆர்ஓ தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிஞ்சும், கழுவ மட்டும் பயன்படுத்துங்கள். நிரப்புவதற்கு டிஸ்டில்டு வாட்டர். பேட்டரி கடையில் வாங்கினால் பாட்டிலைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்: அதே கடையில் பேட்டரி ஆசிட்டும் இருக்கும், அது கந்தக அமிலம். ஆர்ஓ சர்வீஸ் செய்பவர்களிடம் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கும். அளவு 5க்குள் வந்தால் தண்ணீர் சரி.

வெறும் டிஸ்டில்டு வாட்டரில் பாசி பிடிக்கும், உலோகமும் மெல்ல அரிக்கும். கம்ப்யூட்டர் கூலன்ட் வாங்கி அதில் சொன்ன அளவில் கலப்பது நல்லது. கிடைக்காவிட்டால் எத்திலீன் கிளைக்கால் அடிப்படையிலான கார் கூலன்ட்டைப் பத்தில் ஒரு பங்கு சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். கிளைக்கால் கூடக்கூடத் தண்ணீரின் சூடு சுமக்கும் திறன் குறையும். முழு அமைப்புக்கும் 1 லிட்டருக்குள்தான் பிடிக்கும், கழுவுவதற்கும் சேர்த்து 3 லிட்டர் வாங்குங்கள்.

மாட்டுவது

புது ரேடியேட்டருக்குள் பற்றவைத்த பசை மிச்சமிருக்கும். சூடான ஆர்ஓ தண்ணீரைப் பாதி ஊற்றி, இரு வாயையும் அடைத்து நன்றாகக் குலுக்கிக் கொட்டுங்கள். கொட்டுவது தெளியும்வரை திரும்பச் செய்து, கடைசியாக ஒருமுறை டிஸ்டில்டு வாட்டரில் அலசுங்கள்.

ரேடியேட்டரைக் கேபினட்டின் கூரையில் மாட்டுங்கள். பிளாக்கில் எது உள்வாய், எது வெளிவாய் என்று பார்த்து இணைக்க வேண்டும்; மாற்றினால் சில பிளாக்குகளில் சூடு கூடும். ப்ராசஸரில் பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் வைத்து, திருகுகளை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். பிளம்பிங் பழக்கத்தில் கை தானாக டேப்புக்குப் போகும். இந்த மரையில் கசிவைத் தடுப்பது ரப்பர் ஓ-ரிங். டேப் சுற்றினால் ஓ-ரிங் உட்காராது, அக்ரிலிக் தொட்டியின் வாயும் விரியும். கையால் இறுகும்வரை திருகினால் போதும், குறடு வேண்டாம். தொட்டியை ஸ்பிரிட்டால் துடைக்கவும் கூடாது. ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல் விழும்.

தண்ணீர் ஊற்றுமுன் காற்றால் சோதியுங்கள். மீட்டர் உள்ள சைக்கிள் பம்பால் 7 பிஎஸ்ஐ ஏற்றி அரை மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கலாம். அதன்பின் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டி) மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு, டிஸ்க் எல்லா வயரையும் கழற்றிவிட்டுப் பம்பை மட்டும் இணையுங்கள். 24 முனை கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கருப்பு வயரையும் இணைத்தால் எஸ்எம்பிஎஸ் ஓடும். எல்லா வயரும் கருப்பாக இருந்தால் ஊகிக்காமல் அதற்கென விற்கும் ஜம்பர் வாங்குங்கள். தொட்டியை நிரப்பிச் சில நொடி ஓட்டி, தொட்டி காலியாகுமுன் நிறுத்தி, மீண்டும் நிரப்புங்கள். டி5 பம்பின் தாங்கிக்கு மசகே தண்ணீர்தான், வறண்டு ஓடினால் தேய்ந்துவிடும். குமிழ் போகக் கேபினட்டை நான்கு பக்கமும் சாய்த்து ஓட்டுங்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் அடியில் டிஷ்யூ வைத்து ஒரு நாள் முழுக்கப் பம்பை மட்டும் ஓடவிட்டு, எல்லாம் உலர்ந்திருந்தால் மற்ற வயர்களை மாட்டுங்கள்.

டிஸ்டில்டு வாட்டர் கசிந்தாலும் கரண்ட் பாயாது என்று சொல்வதை நம்ப வேண்டாம். போர்டில் இருக்கும் தூசியைத் தொட்டதுமே அது கடத்தத் தொடங்கும்.

கரண்ட்

230 வோல்ட் மீன்தொட்டி மோட்டார் இங்கே ஏன் ஆகாது என்றால், கரண்ட் கட் ஆனதும் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டே இருக்கும், மோட்டார் நின்றுவிடும். 12 வோல்ட் பம்ப் எஸ்எம்பிஎஸ்ஸிலேயே ஓடுவதால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். டி5 முழு வேகத்தில் 23 வாட் வரை இழுக்கும். மதர்போர்டு விசிறி முனை பொதுவாகத் தாங்குவது 12 வாட். எனவே மின்சாரம் சாட்டா அல்லது மோலெக்ஸ் வயரிலிருந்து, வேகம் சொல்லும் வயர் மட்டும் சிபியூ விசிறி முனைக்கு. பம்ப் நின்றால் பயாஸ் எச்சரிக்க இந்த வயர்தான் வழி.

பராமரிப்பு

பம்பும் டியூபும் பொதுவாக 60 டிகிரித் தண்ணீர் வரை தாங்கும். கோடையில் 50ஐத் தாண்டினால் முதலில் தூசியைப் பாருங்கள். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் ஆனி, ஆடிக் காற்று புழுதியையும் அள்ளி வரும். அந்த மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரேடியேட்டரை ஊதிவிடுங்கள். ஊதும்போது விசிறி சுழலாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். தூசி இல்லாமலும் சூடு கூடினால் பிளாக் அடைத்திருக்கும். கழற்றிப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம்.

டியூப் வழியாகவும் தண்ணீர் மெல்ல ஆவியாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொட்டியின் மட்டத்தைப் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து, வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுங்கள். கிளைக்கால் கலந்த பழைய தண்ணீர் இனிக்கும், விஷம். ஆடு மாடு, நாய் குடிக்கும் இடத்தில் கொட்டாமல், மூடி போட்ட கேனில் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, கூலன்ட் மாற்றும் கார் ஒர்க்‌ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.