குடிவரவுத் தகவல் தளம் நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடா குடிவரவு ஆலோசகர்களுக்கு இணையதளம் கட்டிக்கொடுப்பது என் தொழில். இந்தத் துறையில் நாங்கள் என்றோ செய்து முடித்த கோளாறுகளைப் புதிதாக வருகிறவர்கள் அப்படியே திரும்பச் செய்கிறார்கள். பூட்டுச் சின்னம் இல்லாத தளம், 12345 என்ற பாஸ்வேர்ட் எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

முதல் படிவத்திலேயே ஜாதகம் கேட்பது

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். ‘உங்கள் தகுதியை இலவசமாக அறியுங்கள்’ என்று ஒரு பட்டன். அமுக்கினால் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், முன்பு விசா மறுத்தார்களா என்று நீண்டுகொண்டே போகும். கடைசியில் ‘பாஸ்போர்ட் காப்பியை இணைக்கவும்’.

எதற்கு? கனடா திறமையான தொழிலாளர்களைத் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில், விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தும் சி.ஆர்.எஸ். புள்ளிகளுக்கு வயது, படிப்பு, மொழித் தேர்வு, வேலை அனுபவம் மாதிரி விவரங்கள்தான் கணக்கு. வயதுக்குக்கூடப் பிறந்த தேதி வேண்டாம். 20 முதல் 29 வரை எல்லோருக்கும் ஒரே அளவு புள்ளிகள், 45 ஆகிவிட்டால் பூஜ்யம். மொத்தக் கணக்கையும் வாசகரின் பிரவுசரிலேயே போட்டுக் காட்டலாம், உங்கள் சர்வருக்கு ஒரு எழுத்துகூட வரத் தேவையில்லை.

ஓர் ஆலோசகர் தன் வேர்ட்பிரஸ் தளத்தைச் சரிபார்க்கக் கொடுத்தார். வாசகர்கள் அனுப்பும் ஃபைல்கள் சேரும் அப்லோட்ஸ் ஃபோல்டரின் முகவரியை அடித்தேன். லாகின் கேட்கவில்லை, வருடம், மாதம் வாரியாகப் பட்டியல் விரிந்தது. உள்ளே இந்திய பாஸ்போர்ட்டுகளின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். கடைசிப் பக்கம் என்றால் அப்பா, அம்மா, துணைவர் பெயர், வீட்டு விலாசம். அனுப்பியவர்களில் பலர் அவருடைய வாடிக்கையாளர்களே இல்லை, சும்மா தகுதி பார்க்க வந்தவர்கள்.

“ரோபோட்ஸ் ஃபைலில் தடை போட்டிருக்கிறோமே” என்றார். கூகுள் மாதிரித் தேடுபொறிகளிடம் ‘இந்த இடத்துக்கு வராதே’ என்று சொல்லும் ஃபைல் அது. அதை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஒளித்துவைத்த இடத்துக்கு நாமே கைகாட்டிப் பலகை நட்டது போல.

அழிப்பதும் லேசில் முடியவில்லை. டேட்டாபேஸில் ஒரு பிரதி, அலுவலக மெயிலில் ஒன்று, அந்த மெயிலைப் பார்க்கிறவர்களின் போனில், பேக்கப்பில்.

சொன்ன நோக்கத்துக்குத் தேவையானதை மட்டும் வாங்க வேண்டும், தேவை முடிந்தால் அழிக்க வேண்டும் என்பதுதான் தனியார் நிறுவனங்களுக்கான கனடாவின் தனியுரிமைச் சட்டம், பிப்பீடா. பாஸ்போர்ட் காப்பியை, ஒப்பந்தம் போட்ட பிறகு லாகின் வைத்த இடத்தில் வாங்குங்கள்.

அகதிக் கோரிக்கைப் பக்கத்தில் ஃபேஸ்புக் பிக்சல்

விளம்பர வேலையைக் கவனிக்கிறவர் ‘எல்லாப் பக்கத்திலும் போடுங்கள்’ என்பார். வாசகர் எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பதை, பிக்சல் என்கிற அந்தச் சின்ன கோட் ஃபேஸ்புக்கின் கம்பெனியான மெட்டாவுக்கு அனுப்பும். ‘கோரிக்கை நிராகரிப்பு, மேல்முறையீடு’ என்று பக்கத்தின் முகவரியிலேயே இருந்தால், அவர் வாய் திறக்காமலே அவர் நிலைமை வெளியே போய்விட்டது. குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவருக்கு இது சாதாரண விஷயமா? படிவத்தை கெட் முறையில் அனுப்பினால் இன்னும் மோசம், நிரப்பியதெல்லாம் முகவரியிலேயே ஒட்டிக்கொண்டு போகும்.

‘எனக்கு மெயில் அனுப்புங்கள்’ என்று முன்கூட்டியே டிக் போட்ட கட்டம்

2014 ஜூலையில் கனடாவின் ஸ்பாம் தடுப்புச் சட்டம் நடப்புக்கு வந்ததிலிருந்து அது வாசகரின் சம்மதம் ஆகாது.

காப்பியடித்த தனியுரிமைக் கொள்கை

பக்கத்துக் கம்பெனியின் பெயர் அதில் இன்னும் அப்படியே இருக்கிறது.

கசிந்ததை மூடி மறைப்பது

கடுமையான தீங்கு நேரும் அபாயம் இருந்தால், தனியுரிமை ஆணையருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவித்தாக வேண்டும். 2018 நவம்பர் 1 முதல் இதுதான் விதி. எவ்வளவு சிறிய கசிவானாலும் 24 மாதம் பதிவு வைத்திருக்க வேண்டும். தெரிந்தே மறைத்தால் அபராதம் 1,00,000 டாலர் வரை போகலாம். பாஸ்போர்ட்டே வெளியே கிடக்கும்போது, ‘இதைச் சொல்லித்தான் ஆகணுமா?’ என்று என்னிடம் கேட்காதீர்கள். வக்கீலைக் கூப்பிடுங்கள், அன்றைக்கே.