வாசலில் மரம் வைக்கும்போது நடக்கும் தவறுகள்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அயல்நாட்டு மரம் என்பதால்தான் விழுந்தது என்று அப்போது பலரும் சொன்னார்கள். அது பாதி உண்மை. வெளிநாட்டிலிருந்து வந்த மயில்கொன்றைக்கு (குல்மோகர்) வேர் மேலோட்டமாகப் படரும், கிளையும் சுலபமாக முறியும். ஆனால் நாட்டு மரங்களும் சேர்ந்துதான் விழுந்தன. புயலில் விழுகிற மரம் பலவற்றுக்கு, விழுவதற்கான காரணம் அதை நட்ட அன்றே குழிக்குள் போய்விடுகிறது.

முதல் தவறு நாற்றங்காலிலேயே நடக்கிறது. ஆறடி உயரக் கன்று சின்னக் கறுப்புப் பையில் நின்றால், சீக்கிரம் நிழல் கிடைக்கும் என்று அதைத்தான் எடுப்போம். அவ்வளவு உயரம் வளரும்வரை அந்தப் பைக்குள் வேர் என்ன செய்திருக்கும்? போக இடமில்லாமல் வட்டமடித்துச் சுருண்டிருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் தானாகப் பிரியாது. தண்டு பருக்கப் பருக்க, சுற்றிக் கிடக்கும் வேரும் பருத்துத் தண்டையே இறுக்கும். எட்டுப் பத்து வருடம் மேலே பச்சையாக நின்ற மரம், ஒரு பெருங்காற்றில் தரை மட்டத்தோடு ஒடியும்.

அதனால் மூன்று, நான்கடிக் கன்றே போதும். கட்டியிருக்கும் குச்சியை அவிழ்த்தாலும் நிமிர்ந்து நிற்க வேண்டும். தண்டைப் பிடித்து லேசாக ஆட்டினால் பை மண்ணும் சேர்ந்து அசைய வேண்டும். தண்டு மட்டும் தனியாக ஆடினால் வேர் சரியில்லை. பையின் அடித்துளையில் தடித்த வேர் வெளியே வந்திருந்தால் அந்தக் கன்றை வாங்காதீர்கள்.

நடும்போது பையை உருவாமல் பிளேடால் இரண்டு பக்கமும் கீறி எடுக்க வேண்டும். அடியில் வேர் பாய்போலப் பின்னியிருந்தால் ஓர் அங்குலத்தை வெட்டி எறியலாம். பக்கவாட்டில் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாக அரை அங்குல ஆழம் கீறிவிட்டால் புது வேர் வெளிநோக்கிப் போகும். பையோடு புதைப்பதும் நடக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது ஆழம். காற்றுக்கு ஆடக் கூடாது என்று கன்றை ஒரு சாண் ஆழத்தில் இறக்கி மண்ணை மூடிவிடுகிறார்கள். வேரும் தண்டும் சேரும் இடம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும். அதற்கு மேலே மண் ஏறினால் பட்டை ஈரத்திலேயே இருந்து அழுகும், வேருக்குக் காற்றுக் கிடைக்காது. குழி இரண்டடிக்கு இரண்டடி. மூன்றடி அகலம் என்றால் இன்னும் நல்லது. தோண்டிய மேல்மண் மூன்று பங்கு, நன்றாக மட்கிய எரு ஒரு பங்கு, வேப்பம்புண்ணாக்கு கால் கிலோ என்று கலந்து, அடிமண்ணைக் காலால் மிதித்துத் தண்ணீர் ஊற்றி அமரவிட்ட பிறகே கன்றை வைக்க வேண்டும். அமராத மண்ணில் வைத்தால் ஒரே மழையில் கன்று கீழே இறங்கிவிடும். பச்சைச் சாணியைப் போட்டால் சூட்டில் வேர் கருகும், கரையானும் வரும்.

களிமண் நிலத்தில் இன்னொன்று உண்டு. மண்வெட்டியால் வழித்த குழியின் சுவர் பானைபோல வழவழப்பாகிவிடும், வேர் அதைத் தாண்டாது. கடப்பாரையால் நாலாபக்கமும் குத்திவிட வேண்டும். இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தேங்கியே நின்றால், மேடு கட்டி நடுங்கள், அல்லது நீர் நின்றாலும் தாங்கும் புங்கனை வையுங்கள்.

எப்போது நடுவது என்பதிலும் பிழை இருக்கிறது. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று ஊரெல்லாம் கன்று நடுகிறார்கள். தென்மேற்குப் பருவமழை பெறும் கன்னியாகுமரி, தென்காசி, பொள்ளாச்சிப் பக்கம் அது சரி. சென்னை முதல் டெல்டா வரை பெருமழை அக்டோபரில்தான் தொடங்கும். ஜூனில் நட்ட கன்று வெயிலையும் ஆடிக் காற்றையும் நான்கு மாதம் தாங்க வேண்டும். புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசி முதலிலோ நட்டால், கோடைக்கு முன் வேர் பிடிக்க அதற்கு அவகாசம் கிடைக்கும்.

கோடையில் தினம் ஒரு மக்குத் தண்ணீர் ஊற்றுவது புண்ணியக் கணக்குக்குத்தான் ஆகும். மேல் இரண்டங்குலம் மட்டும் நனைவதால் வேரும் மேலேயே நின்றுவிடும். வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு தடவையும் பதினைந்து இருபது லிட்டர், மெதுவாக இறங்கும்படி ஊற்றுங்கள். பாத்தியைத் தண்டிலிருந்து தள்ளிக் கட்டி, வருடா வருடம் அகலப்படுத்த வேண்டும். சருகை மூன்றங்குலம் பரப்பலாம். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும்.

மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் இலை உதிர்க்கும். பட்டுப்போயிற்று என்று பயந்து உரத்தைக் கொட்ட வேண்டாம், சில வாரத்தில் தளிர் வரும். வேம்பில் மழைக்காலத்தில் நுனிகள் மட்டும் தீய்ந்ததுபோலக் காய்ந்தால் அது வேறு. தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் பூஞ்சையும் சேர்ந்து செய்யும் நுனிக்கருகல். பெரும்பாலும் கோடையில் தழைத்துவிடும். காய்ந்த நுனிகளைக் கழித்துவிட்டுக் காத்திருங்கள், மரத்தை வெட்டிவிட வேண்டாம்.

மழைக்கு முன் மொட்டையடிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய கேடு. வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளம்பும் போத்துகள் மேல்பட்டையில் ஒட்டிக்கொண்டு நிற்பவை. இரண்டே வருடத்தில் கனத்து, அடுத்த புயலில் அவைதான் முதலில் பிய்ந்து விழும். ஒரு வருடத்தில் கால்பங்குக்கு மேல் கழிக்கக் கூடாது. ஆடி, ஆவணியில் காய்ந்தவை, ஒன்றோடொன்று உரசுபவை, வீட்டுப் பக்கம் கனத்தவை ஆகியவற்றை மட்டும் எடுத்தால் போதும். தடித்த கிளை என்றால் மூன்று வெட்டு: தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கம் கால்வாசி, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவதும், கடைசியாக மிஞ்சிய முட்டு. அந்த முட்டைத் தண்டோடு வழித்து வெட்டாமல், கிளை தொடங்கும் புடைப்பை விட்டு வெட்டினால்தான் காயம் தானாக மூடும்.

மின்கம்பிக்குக் கீழே வேம்பை வைத்தால் வருடா வருடம் ஒரு பக்கத்தை வெட்டுவார்கள், மரம் மறுபக்கம் கனத்துச் சாயும். அங்கே மந்தாரை, பவழமல்லி போதும். அரசும் ஆலும் வீட்டு மனைக்கே ஆகாது. செப்டிக் டேங்க் சுவரையே பிளந்துவிடும். புங்கன், மகிழம் போன்றவற்றுக்குச் சுவரிலிருந்து பதினைந்தடியாவது விட வேண்டும். கோனோகார்பஸ் என்ற அயல்நாட்டு மரத்தின் பக்கம் போகவே வேண்டாம், குஜராத் 2023-இல் அதைத் தடை செய்தது.

வாசலைச் சிமெண்டால் மூடும்போது தண்டு வரை பூசிவிடுவதும் வழக்கம். டெல்லி மரங்கள் தொடர்பாகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. வீட்டிலும் அந்த அளவாவது மண் தெரிய வேண்டும்.

காற்றில் சாய்ந்த இளமரத்தை, தண்டு கைப்பருமனுக்குள் இருந்தால், நிமிர்த்திவிடலாம். வேர் காயாதபடி ஈரச்சாக்கைப் போர்த்தி, ஓரிரு நாளுக்குள் செய்ய வேண்டும். வேர்ப்பக்கக் குழியைக் கொஞ்சம் தோண்டி, மரத்தை மெல்ல நிமிர்த்தி, கிளையில் கால்பங்கைக் கழித்து, மூன்று திசையில் கயிறு கட்டுங்கள். பட்டையில் கயிறு படும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிவிட்டு, அடுத்த மழைக்காலம் முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுங்கள். முதிர்ந்த மரம், பாதி வேர் அறுந்தது என்றால் நிமிர்த்தினாலும் மறுபடி விழும். அதை எடுத்துவிடுவதே பத்திரம்.