புதுச்சேரியில் பழைய தமிழ் வீட்டை இடிக்காமல் பெரிதாக்குவது எப்படி

தெருப்பக்கத்தைத் தொடாமல், கூடுதல் இடத்தைப் பின்கட்டில் எடுங்கள். வைசியாள் வீதியில் வீடுகளின் முகப்பை வரிசையாகச் சீரமைத்து 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது வாங்கியபோது காப்பாற்றப்பட்டது இந்தத் தொடர்ச்சிதான்: தாழ்வாரம், திண்ணை, மரத்தூண்கள், மேலே பிரெஞ்சு வளைவு ஜன்னல்கள். நடுவில் ஒரு வீடு மட்டும் ஷட்டர் போட்டு முன்னால் வந்தால் தெருவே உடைந்துபோகும்.

வரைபடம் போடும் முன் இரண்டு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா? கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து (பேரலை ஏற்றத்தில் தண்ணீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் வருகிறதா? வந்தால் நகர அமைப்புக் குழும அனுமதியோடு கடலோர மண்டல விதிகளும் சேரும். பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் அமைப்பான இன்டாக் அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம்.

அடுத்து கூரை. மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டையான ஓடு பதித்த பழைய கூரை) ஒழுகினால் மேலே நாலு அங்குல கான்கிரீட் கொட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அது சதுர மீட்டருக்குச் சுமார் 240 கிலோ. மரக்கட்டைகள் தொய்ந்து, விரிசல் விழுந்து, மறுபடியும் ஒழுகும். தட்டோட்டைப் பெயர்த்து, கெட்டுப்போன சுண்ணாம்பு ஜல்லியை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டு, திமிசுக்கட்டையால் அடித்து இறுக்குங்கள். மூன்று மீட்டருக்கு 5 செ.மீ. வாட்டம் வேண்டும். கட்டை சுவருக்குள் நுழையும் முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உளுத்துப்போவது பெரும்பாலும் அங்கேதான். கடற்கரைச் சாலையின் மேரி கட்டடம் (பழைய நகராட்சி மண்டபம்) 2014 நவம்பர் மழையில் இடிந்து, பிறகு அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பட்டது. பராமரிக்காத கூரைக்கு ஒரு மழைக்காலமே போதும்.

சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் உப்பு வெளியே வருகிறது என்று பொருள். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, உப்பு படிகமாகி, பூச்சைச் செங்கல் தோலோடு பிய்த்துத் தள்ளும். பழைய சிமென்ட் பூச்சை ஈரக்கறைக்கு மேல் 30 செ.மீ. வரை தட்டி எடுத்துவிட்டு, சுவரை நன்றாகக் காயவிடுங்கள். புதுப் பூச்சுக்கு, குறைந்தது இரண்டு வாரம் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணல் இரண்டரைப் பங்கு. ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். கலக்க உவர்ப்பான போர் தண்ணீர் ஊற்றினால் அதே உப்பைச் சுவருக்குத் திருப்பிக் கொடுத்ததாகிவிடும். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் கூடாது, சுண்ணாம்பு வெள்ளைதான்.

புது மாடியைப் பழைய சுவரின் மேல் ஏற்றாதீர்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் கான்கிரீட் ஸ்லாபைத் தாங்கும் என்று நம்ப முடியாது. பின்பக்கம் தனி பில்லர், தனி அஸ்திவாரம். பழைய சுவருக்கும் புதுக் கட்டடத்துக்கும் நடுவில் 25 மி.மீ. இடைவெளி. பழைய அஸ்திவாரத்தை ஒட்டி அதைவிட ஆழமாகத் தோண்டினால் சுவர் இறங்கும். உப்புக்காற்று கம்பியைத் தின்றுவிடும் என்பதால் எம்30 தர கான்கிரீட்டும் 45 மி.மீ. கவரும் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட் கனம்) கேளுங்கள். மேஸ்திரி கவர் 25 மி.மீ. போதும் என்பார், ஒத்துக்கொள்ளாதீர்கள். எதிர்த் திண்ணையில் நின்று பார்த்தால் புது மாடி தெரியக்கூடாது. உயரத்தை அதற்கேற்பக் குறையுங்கள். தண்ணீர்த் தொட்டி, ஏசி வெளிப்பெட்டி எல்லாம் பின்னால்.

முற்றத்தை ஸ்லாப் போட்டு மூடி ஓர் அறை எடுக்கலாம் என்று தோன்றும். மூடினால் சூடான காற்று மேலேறிப் போக வழியில்லை, சுற்றியுள்ள அறைகள் புழுங்கும், சுவர் காயாது. மழைச்சாரல்தான் தொல்லை என்றால் கூரைக்கு மேல் 60 செ.மீ. உயர்த்தி, நாலு பக்கமும் திறந்தபடி கண்ணாடி போடுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழைக்கு முன் மாடி வடிகாலைத் துப்புரவாக்கி, கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுங்கள்.