பேச்சுரிமைக்காகக் கொதிக்கும்போது நாம் விடும் பிழைகள்

இலங்கையில் நாம் விடும் முதல் பிழை, ஆள் பார்த்துக் கோபப்படுவது. 2009 ஜனவரி 8 அன்று கொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்ரமதுங்கவைக் கொழும்பில் தெரியாதவர்கள் குறைவு. சரி, தெரியத்தான் வேண்டும். ஆனால் 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்ட தமிழ் ஊடகவியலாளர் நிமலராஜனையும், 2005 ஏப்ரலில் பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டு மறுநாள் பாராளுமன்றத்துக்குக் கிட்டச் சடலமாகக் கிடந்த தமிழ் ஊடகவியலாளர் சிவராமையும் தெற்கில் எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று கேட்கிற தமிழர்களான நாமும் ஒன்றும் யோக்கியமில்லை. முஸ்லிம் கவிஞர் அஹ்னாஃப் ஜஸீம் தமிழில்தான் கவிதை எழுதினார். 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள், 2021 டிசம்பரில்தான் பிணை, 2023இல் நீதிமன்றம் விடுதலையே செய்தது. அவருக்காகக் கொழும்பில் தமிழர் நிறைந்த வெள்ளவத்தையில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்?

அடுத்தது, முகநூலில் கொதித்துக்கொண்டே நாளைக் கடத்துவது. பொலிஸோ வேறு அரச அதிகாரியோ உங்கள் பேச்சுரிமையில் கை வைத்தால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்குப் போக உங்களுக்கு இருப்பது ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது. இது தெரியாமல் நல்ல வழக்குகள் வீணாகப் போகின்றன. "சும்மா வந்து ஒரு வாக்குமூலம் குடுத்திட்டுப் போங்கோ" என்று தொலைபேசியில் கூப்பிட்டால், எந்த முறைப்பாடு, எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதி வையுங்கள், தனியே போகாமல் சட்டத்தரணியோடு போங்கள்.

வதந்தியைப் பகிர்ந்துவிட்டு "என் சுதந்திரம்" என்பதும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிக்குக் கிட்ட திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்க அதுதான் சாட்டு. 2022 ஏப்ரலில் சமூக ஊடகங்களை முடக்கவோ வதந்தியே தேவைப்படவில்லை, அரசுக்கு எதிரான ஆர்ப்பாட்டம் போதுமாக இருந்தது! இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கும் பொய்த் தகவலைத்தான் காரணம் காட்டினார்கள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, 2016இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை ஊடகக்காரர்களுக்கு மட்டுமானது என்று நினைத்து ஒதுக்கிவிடுவது. எந்தக் குடிமகனும் அரச நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம், தமிழிலேயே எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்கிற விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "எங்கள் ஒழுங்கையை ஏன் இன்னும் போடவில்லை?" என்று எழுதினால் மழுப்பலாக ஒரு வரி வரும். அதற்குப் பதிலாக, ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுத்த வவுச்சரின் பிரதி, ஒப்பந்தத்தின் பிரதி, திகதி என்று ஆவணத்தைக் கேளுங்கள். கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால், அல்லது மூச்சே காட்டாவிட்டால், அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு, அப்புறம் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.