ஸ்கீயிங் (பனிச்சரிவில் சறுக்கி விளையாடுவது) தெரியாதவர்களுக்கு ஒரு பனிமலை விடுமுறை: சென்னையிலிருந்து திட்டமிடுவது எப்படி?

மார்கழிக் காலையில் 21 டிகிரிக்கே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற ஊர் நம்முடையது. பனிமலைக்குப் போகலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால், "நமக்கு ஸ்கீயிங்கா தெரியும்? அங்கே போய் என்ன செய்வது?" என்ற கேள்விதான் முதலில் வரும். அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இரண்டு முறை போய் வந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தாராளமாகப் போகலாம். திட்டத்தை மட்டும் வேறு மாதிரி போட வேண்டும்.

பழக்கமில்லாத நம்மால் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் பனியில் நிற்க முடியாது. மீதி நேரத்துக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் முடிவு செய்யுங்கள்.

படி 1: ஊரைத் தேர்ந்தெடுங்கள்

காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் ஆலி இரண்டும் கொள்ளை அழகு. ஆனால் அங்கே பொழுது ஸ்கீயிங் சரிவுகளைச் சுற்றியே ஓடும். மணாலியில் பனி கிட்டத்தில் இருக்கிறது. 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையைத் தாண்டினால் லாஹௌல் பள்ளத்தாக்கு. மணாலியை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது சிம்லாதான். சுமார் 2,200 மீட்டர் உயரம் என்பதால் பெரும்பாலானவர்களுக்கு மூச்சுத் திணறல் தொல்லை இருக்காது. நடந்தே சுற்றலாம், கடைத்தெரு இருக்கிறது, வெயில் காய இடம் இருக்கிறது. ஊருக்குள் பனி இல்லாவிட்டாலும் மேலே நார்கண்டா என்ற ஊருக்குப் போனால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

படி 2: தேதி

அரையாண்டு விடுமுறையில்தான் எல்லோரும் கிளம்புவார்கள். அந்த வாரத்தில் போகாதீர்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தில் அறை வாடகை ஏறிவிடும், மலைப்பாதையில் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கும். அவ்வளவு செலவு செய்தும் டிசம்பரில் பனி விழும் என்பதற்கு உறுதி இல்லை. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரைதான் வாய்ப்பு அதிகம். வீட்டில் பொங்கல் வைத்துவிட்டு, அந்த விடுமுறையோடு நாலு நாள் லீவு சேர்த்துக் கிளம்புவது எங்களுக்குச் சரியாக வந்தது.

படி 3: பயணம்

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஜனவரி மூன்றாவது வாரப் பயணம் என்றால் நவம்பரில் தயாராக இருங்கள். சென்ட்ரலிலிருந்து இரவு கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலையில் புது டெல்லியில் விடும். விமானம் என்றால் சண்டிகர் வரை போகலாம். இரண்டு ஊரிலிருந்தும் அடுத்துப் போக வேண்டியது மலையடிவார ஊரான கால்கா.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஜனவரியில் வட இந்தியாவில் மூடுபனி அடர்த்தியாக இறங்கும். ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். அதனால் டெல்லியிலோ சண்டிகரிலோ ஒரு இரவு தங்குவதுபோல் போடுங்கள். காலையில் இறங்கி மதியமே அடுத்த வண்டியைப் பிடிக்கும் திட்டம் வேண்டாம்.

கால்காவிலிருந்து சிம்லாவுக்கு டாக்ஸி வேண்டாம், மலை ரயிலில் போங்கள். 1903-இல் திறந்த பாதை, 96 கிலோமீட்டர், நூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஐந்தாறு மணி நேரம் ஆகும். பிள்ளைகள் சுரங்கத்தை எண்ணிக்கொண்டே வந்தார்கள். அம்மா சிம்லா வரை ஜன்னலை விட்டு அசையவில்லை. எங்களுக்கு விடுமுறை கால்காவிலேயே தொடங்கிவிட்டது.

படி 4: அறை (இதில்தான் அதிகக் கவனம் வேண்டும்)

முதல் தடவை படத்தைப் பார்த்து ஒரு விடுதியைப் பிடித்தேன். ஜன்னல் வழியே மலைத்தொடர் தெரியும் என்று போட்டிருந்தார்கள், உண்மையாகவே தெரிந்தது. ஆனால் சாலையிலிருந்து விடுதிக்கு நூற்றுச் சொச்சம் படி இறங்க வேண்டும். முழங்கால் வலியோடு, உறைந்து வழுக்கும் படிகளில், அம்மா அழாத குறைதான். அதனால் பணம் கட்டும் முன் தொலைபேசியில் பேசி இவற்றைக் கேளுங்கள்:

- வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி?
- ஹீட்டர் வாடகையில் அடக்கமா, தனிக் காசா? இரவு முழுக்க ஓடுமா?
- வெந்நீர் எப்போதும் வருமா, குறிப்பிட்ட நேரம்தானா?
- கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஹீட்டர் ஓடுமா?
- அறைக்குள் வெயில் விழுமா?

கடைசிக் கேள்வி விசித்திரமாகத் தோன்றலாம். காலை பத்து மணிக்கு ஜன்னலோர வெயிலில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது அதன் அருமை புரியும். இன்னொன்று: சிம்லாவின் முக்கியக் கடைத்தெருவான மால் ரோடில் வண்டி ஓடாது. கீழே வண்டி ஓடும் கார்ட் ரோடிலிருந்து மேலே வர லிஃப்ட் இருக்கிறது, பெட்டிகளைத் தூக்கக் கூலியாட்கள் இருக்கிறார்கள். பெரியவர்கள் இருந்தால் லிஃப்டுக்குப் பக்கத்தில் அறை தேடுங்கள்.

படி 5: துணிமணி

ஜனவரியில் சிம்லாவில் பகலில் 10 டிகிரியை ஒட்டியும், இரவில் இரண்டு மூன்று டிகிரியும் இருக்கும். பனி விழும் நாளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டர் உதவாது. உள்ளே தெர்மல் (குளிர்கால உள்ளாடை), நடுவில் கம்பளி அல்லது ஃபிளீஸ், வெளியே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்கு வேண்டும். பருத்தி பனியனை உள்ளே போடாதீர்கள். வியர்வையை உறிஞ்சி, காயாமல், உடம்பைக் குளிர வைக்கும். ஷூ ஒரு சைஸ் பெரிதாக இருக்கட்டும். கம்பளி சாக்ஸ் காலை இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் மரத்துவிடும். பனியில் போடும் பெரிய கோட்டும் ரப்பர் பூட்ஸும் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும், வாங்க வேண்டாம். மங்கி குல்லாய் மட்டும் ஆளுக்கு ஒன்று.

தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகிவிடும். உதட்டுக்கும் காலுக்கும் வாசலின் கொண்டு போங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதை உறைய விடக்கூடாது, உள் பாக்கெட்டில் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் டிக்கெட் போடும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

படி 6: ஊருக்குள் மூன்று நாள்

வைஸ்ராய்கள் வாழ்ந்த 1888-ஆம் ஆண்டு மாளிகைக்கு ஒரு முழு முற்பகல் ஒதுக்குங்கள். 1945 சிம்லா மாநாடு அங்கேதான் நடந்தது. இப்போது உயராய்வு நிறுவனமாக இருக்கிறது. ஜாக்கூ மலையில் அனுமார் கோயிலுக்கு ரோப்வே இருக்கிறது. குரங்குகள் கண்ணாடியைப் பிடுங்கும், கழற்றிப் பைக்குள் வையுங்கள். 1920-இலிருந்து இயங்கும் திறந்தவெளி ஐஸ் ஸ்கேட்டிங் களத்தில் இயற்கைக் குளிரிலேயே தண்ணீர் உறைகிறது. நாம் வெளியே நின்று வேடிக்கை பார்த்தாலே போதும். சாப்பாட்டில் சித்துவை விட்டுவிடாதீர்கள். கோதுமை மாவைப் புளிக்க வைத்து, உள்ளே பூரணம் வைத்து ஆவியில் வேகவைப்பது. கொழுக்கட்டைக்கு உறவு என்றே சொல்லலாம், நெய் ஊற்றித் தருவார்கள். அம்மாவுக்காகக் கொண்டு போன பருப்புப் பொடி கடைசி நாள் வரை பிரிக்கப்படவில்லை.

படி 7: பனி நாள்

இதற்கு மட்டும் தேதி குறிக்காதீர்கள். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்றால் நாம் வானிலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டே இருப்போம் அல்லவா? அங்கே மழையும் பனியும் மேற்கிலிருந்து, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி வரும் மேற்கத்திய இடையூறு என்ற காற்றழுத்த அமைப்பால் வருகின்றன. வானிலை மையத்தின் அறிவிப்பை தினமும் பாருங்கள். பனி கொட்டும் நாளில் அறையிலேயே இருந்து, வானம் வெளுத்து சாலை திறந்ததும் கிளம்புங்கள். பனி பார்க்க சிம்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் இடம் குஃப்ரி, ஆனால் அங்கே கூட்டமும் குதிரைச் சேறும் அதிகம். 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் நார்கண்டா, சுமார் 2,700 மீட்டர். அமைதியான தேவதாரு மரங்கள், காலடி படாத பனி.

அங்கே குட்டிக் குட்டி எட்டாக, பாதம் முழுவதையும் பதித்து நடங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம், பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணை உறுத்தும். போனை உள் பாக்கெட்டில் வையுங்கள், குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கும். பிள்ளைகளின் கையுறை நனைந்ததும் மாற்ற இன்னொரு ஜோடி இருக்கட்டும். அப்புறம், அவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் மூன்று மணிக்கு வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுங்கள். வெயில் இறங்கியதும் உருகிய தண்ணீர் சாலையில் மறுபடி உறையத் தொடங்கிவிடும்.