நம்ம ஊர் சூடாகிறதா? கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

கத்திரி வந்தாலே திருப்பத்தூரில் "முன்னெல்லாம் இப்படி அடிச்சதே இல்லை" என்பார்கள். அது உண்மையா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள் என்பேன் என் மாணவர்களிடம். எக்செல் தெரிந்தால் போதும்.

முதலில் தரவு. எங்கள் ஊரில் வானிலை நிலையம் இருக்கிறது. அப்படி இருந்தால், தினசரி அளவுகளை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். இல்லாத ஊருக்கு, 1951 முதலான கட்டத் தரவை அவர்கள் இலவசமாகத் தருகிறார்கள்: நாட்டைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு வெப்ப அளவு. அது எக்செல்லில் நேரே திறக்காது, பைதான் என்ற கணினி நிரல்மொழி தெரிந்தவர் உதவி வேண்டும். ஒரு கட்டம் சுமார் 110 கி.மீ. அகலம். எங்கள் பக்கம் எடுத்தால் ஏலகிரியும் ஜவ்வாது மலையும் சமவெளியோடு கலந்துவிடும். வட்டாரப் போக்குதான் அதில் கிடைக்கும்.

எல்லாரும் மே மாத உச்சத்தைத் தேடுவார்கள். நீங்கள் குறைந்தபட்ச வெப்பத்தையும் தனியாக எடுங்கள். கான்கிரீட்டும் தார் ரோடும் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விடுகின்றன. ஊர் வளர்ந்தது விடியற்காலை அளவில்தான் நன்றாகத் தெரியும். குழந்தைகளும் முதியவர்களும் தூங்க முடியாமல் தவிப்பது இந்தச் சூட்டில்தான்.

பத்து நாளுக்கு மேல் விடுபட்ட மாதத்தைத் தள்ளிவிட்டு, ஆண்டுச் சராசரி போடுங்கள். அப்புறம், ஆண்டுக்கு எவ்வளவு ஏறுகிறது என்று சொல்லும் எக்செல்லின் 'ஸ்லோப்' (SLOPE) சூத்திரம்: முதலில் வெப்பம், அடுத்து ஆண்டு. வருவதைப் பத்தால் பெருக்கினால் பத்தாண்டுக்கு எத்தனை டிகிரி என்று கிடைக்கும். முப்பது ஆண்டாவது வேண்டும். 1998, 2016 போன்ற எல் நினோ ஆண்டில் (பசிபிக் கடல் சூடேறி, வெப்பம் வழக்கத்தைவிடக் கூடும் ஆண்டு) தொடங்கவும் வேண்டாம், முடிக்கவும் வேண்டாம்.

இனிதான் முக்கியமான வேலை. பக்கத்து நிலையம் ஒன்றின் சராசரியை, எங்களுக்கு வேலூர், ஆண்டுவாரியாக உங்கள் ஊர் அளவிலிருந்து கழியுங்கள். வித்தியாசம் வருஷத்துக்கு வருஷம் மெல்ல ஏறினால், உங்கள் நிலையத்தைச் சுற்றி ஏதோ மாறி வருகிறது, பெரும்பாலும் கட்டடங்கள். ஒரே ஆண்டில் குதித்து அங்கேயே நின்றால் கருவியையோ இடத்தையோ மாற்றியிருப்பார்கள். அந்தக் குதிப்பைச் சூடு என்று எண்ணிவிடக் கூடாது. வித்தியாசம் அப்படியே இருந்து இரண்டு ஊரும் சேர்ந்து ஏறினால், வட்டாரமே சூடாகிறது.

குதிப்பு தெரிந்தால் நிலையத்துக்கே போய்க் கேளுங்கள்: வெப்பமானி வைக்கும் வெள்ளை மரப்பெட்டி எப்போது இடம் மாறியது, பக்கத்தில் மரம் வெட்டினார்களா, சுவர் எழுப்பினார்களா. பதிலை ஆண்டோடு அதே தாளில் எழுதி வையுங்கள்.