எண்ணெயை வைத்துப் பாறையை ஊகிக்கும்போது சறுக்கும் இடங்கள்

எண்ணெய் உருவான மூலப்பாறை பல நேரங்களில் துளையிட்டு எட்ட முடியாத ஆழத்தில் கிடக்கும். கையில் இருப்பது கச்சா எண்ணெய் மட்டும்தான். அதை வைத்துப் பாறையின் வயது, படிந்த சூழல், முதிர்ச்சி (எவ்வளவு சூடேறியது) எல்லாவற்றையும் ஊகிக்கிறோம். பாறையை விட்டுக் கிளம்பிய பிறகு எண்ணெய்க்கு என்ன நேர்ந்தது என்று பார்க்காமல் நேராக அதிலுள்ள சேர்மங்களின் விகிதங்களுக்குத் தாவுவதுதான் பெரிய தவறு.

பாக்டீரியா தின்ற எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் காலியாவது நேர்சங்கிலி ஆல்கேன்கள் (கிளையற்ற ஹைட்ரோகார்பன்கள்). மிஞ்சியதில் கந்தகத்தின் பங்கு ஏறும், எண்ணெய் கனத்துவிடும். சுண்ணாம்புப் பாறையில் உருவான எண்ணெயிலும் கந்தகம் மிகும் என்பதால், இதைப் பார்த்ததும் 'சுண்ணாம்புப் பாறை' என்று எழுதிவிடுகிறார்கள். குரோமட்டோகிராமில் (சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடம்) கூரிய முனைகள் மறைந்து வெறும் மேடு தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். கடுமையாகச் சிதைந்த எண்ணெயில் காணும் 25-நார்ஹோப்பேன் இருந்தும் ஆல்கேன்கள் முழுசாக இருந்தால், சிதைந்த பழைய எண்ணெயோடு புதிய எண்ணெய் கலந்திருக்கலாம். அப்போது ஒரு எண்ணெய் மாதிரியே இரண்டு பாறைகளின் கதையைச் சொல்லக்கூடும்.

பிரிஸ்டேன்–பைட்டேன் (பெரும்பாலும் பச்சையத்திலிருந்து வரும் இரு ஹைட்ரோகார்பன்கள்) விகிதம் 1-க்குக் கீழே என்றால் ஆக்சிஜனற்ற சூழல், 3-க்கு மேலே என்றால் நிலத்தாவரப் பொருள் என்பது பழகிய வாசிப்பு. நடுவில் விழும் 1.4-ஐயும் 1.7-ஐயும் வைத்து இரு பாறைகளைப் பிரிப்பது வீண்வேலை. முதிர்ச்சி கூடினாலே அந்த எண் நகரும். பைட்டேன் ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களின் கொழுப்பிலிருந்தும் வரும்.

29 கார்பன் ஸ்டெரேன் (உயிரிகளின் ஸ்டெரால்களிலிருந்து வரும் சேர்மம்) மிகுந்தால் நிலத்தாவரம் என்பதும் அவசர முடிவுதான். ஓமானின் ஹுக்ஃப் பாறைத்தொகுதி எண்ணெய்களில் அது ஏராளம். ஆனால் அந்தப் பாறைகள் படிந்த காலத்தில் நிலத்தில் மரம் செடி எதுவும் முளைத்திருக்கவில்லை. பச்சைப் பாசிகளே காரணம் என்று கருதுகிறார்கள்.

ஓலியனேன் பூக்கும் தாவரங்களின் தடயம். கணிசமாக இருந்தால் பாறை டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் அல்லது அதற்குப் பிந்தையது எனலாம். இல்லாவிட்டால் பழைய பாறை என்று சொல்லிவிட முடியாது, நிலத்தாவரப் பொருள் அங்கே சேராமலே போயிருக்கலாம். இன்னொரு வம்பு: வரும் வழியில் இளம் நிலக்கரி அடுக்குகளைக் கடந்த பழைய எண்ணெய், ஓலியனேனை அங்கிருந்தே அள்ளிக்கொண்டு வரலாம்.

கண்டன்சேட்டில் (வாயுவோடு வரும் மிக இலகுவான எண்ணெய்) ஸ்டெரேன் விகிதத்தால் முதிர்ச்சி கணிக்க முயலாதீர்கள். 20எஸ் என்னும் ஸ்டெரேன் வடிவத்தின் பங்கு 0.55 அருகே நின்றுவிடும், அதற்குமேல் எவ்வளவு சூடானாலும் எண் ஏறாது. பயோமார்க்கர்களே (ஸ்டெரேன் போன்ற, உயிரிகளின் வேதித் தடயங்கள்) அங்கே அரிது என்பதால் சிறு மாசு கலந்தாலும் முடிவு தலைகீழாகும். வைரம் போன்ற கட்டமைப்புள்ள டயமண்டாய்டு சேர்மங்களைப் பாருங்கள், அவை சூட்டைத் தாங்கும்.